டாக்டர் சொல்லும்வரை வண்டியைத் தொடாதீர்கள்

ஐயப்பன் பக்கத்தில் நிற்பதுபோல் உங்களுக்கு அடிக்கடி வரும் அனுபவத்தைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். அது வலிப்பாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன், அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பரிசோதனை முடிந்து, ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லும்வரை நீங்கள் லோடு வண்டி ஓட்டக் கூடாது. புளியரை தாண்டி ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குக் காய்கறி ஏற்றிப் போகிறவர் நீங்கள். அந்த மலை வளைவுகளில் அரை நிமிடம் நினைவு தப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது, மனைவி சொன்னதாகக் கடைசியில் சேர்த்திருக்கும் இரண்டு வரிதான். வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிறது, சந்தன வாசம் வருகிறது, ஐயப்பன் பக்கத்தில் நிற்பதுபோல் மனசு நிறைகிறது என்கிறீர்கள். அதே நேரத்தில் உங்கள் கண் ஒரே இடத்தில் நிலைகுத்தி நிற்கிறது, வாய் எதையோ மெல்லுகிறது, வலது கை வேட்டி ஓரத்தைக் கசக்குகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை, அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில் தடுமாற்றம் என்கிறார் அவர். ஒவ்வொரு தடவையும் அதே வரிசை, ஒன்றிரண்டு நிமிடம். கீழே விழுந்து கைகால் வெட்டினால்தான் வலிப்பு என்பதில்லை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கம் உள்ள மூளைப் பகுதியில் கிளம்பும் வலிப்பு இப்படித்தான் வரும். நரம்பியல் மருத்துவரிடம் போய் இஇஜி (மூளையின் மின்துடிப்புப் பதிவு), எம்ஆர்ஐ (மூளை ஸ்கேன்) இரண்டும் எடுங்கள். ஒரு இஇஜி நார்மல் என்று வந்தால் வலிப்பே இல்லை என்று அர்த்தமில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் பத்தில் ஏழு பேருக்கு வலிப்பு அடங்கிவிடும். அடங்காதவர்களில் தகுதியானவர்களுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1995 முதல் அறுவை சிகிச்சையும் நடக்கிறது.

நீங்கள் எழுதியிருக்கும் மற்றவை, அதாவது பஜனையில் கண்ணீர் வருவது, புல்லரிப்பது, தூக்கம் கண்ணைச் சுற்றும்போது காலமான அம்மா கூப்பிடுவதுபோல் கேட்பது, இவையெல்லாம் எத்தனையோ பேருக்கு உண்டு. விடுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கி இரவுதோறும் போடும் தூக்க மாத்திரையை மட்டும் என்னால் விட முடியாது. யாரைக் கேட்டு ஆரம்பித்தீர்கள்? இப்போது பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவே வலிப்பைக் கிளப்பிவிடும். அட்டையை எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள், எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

தலையில் காந்தக் கவசத்தை மாட்டினால் கடவுள் தெரிவார் என்ற வீடியோவைப் பார்த்துத் தூக்கம் போனது என்கிறீர்கள். கனடாவில் பெர்சிங்கர் என்பவர் செய்த சோதனை அது. காந்தம் ஓடுகிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாதபடி வைத்து 2005இல் சுவீடன் ஆய்வாளர்கள் அதையே செய்து பார்த்தார்கள். காந்தத்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அந்த வீடியோவுக்கு இவ்வளவு போதும்.

நீங்கள் நிஜமாகக் கேட்க வந்தது வேறு. அந்த அனுபவத்தால்தான் மாலை போட்டேன், அது நோய் என்றால் என் சாமியும் பொய்யா? எந்த ஸ்கேனிலும் இதற்குப் பதில் வராது. நிஜச் சந்தனத்தை முகர்ந்தாலும் மூளைதான் வேலை செய்கிறது, அதனால் சந்தனம் பொய்யாகிவிடாது. ஆனால் அந்த அனுபவத்தையே சாட்சியாக நிறுத்தவும் முடியாது. பொட்டல்புதூர் தர்காவுக்குப் போகிறவருக்கோ பாளையங்கோட்டையில் சர்ச்சுக்குப் போகிறவருக்கோ இதே வலிப்பு வந்தால், அவரவர் மனசில் இருப்பவரைத்தான் உணர்வார்கள், உங்களைப் போலவே சத்தியம் செய்வார்கள். துளியும் சந்தேகம் வராத அந்த உறுதிகூட வலிப்போடு சேர்ந்து வருவதுதான். அந்த நேரத்தில் உங்கள் கை என்ன செய்தது என்றே உங்களுக்குத் தெரியவில்லையே! குடியை விட்டதும், வருஷா வருஷம் அன்னதானத்துக்கு மூட்டை இறக்குவதும் முழு நினைவோடு நீங்கள் செய்தவை. பக்திக்கு ஆதாரம் தேட வேண்டுமானால் அங்கே தேடுங்கள்.

வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டால் ஐயப்பன் வருவது நின்றுவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த வாசமும் நிறைவும் நின்றுபோகலாம், மறைக்க மாட்டேன். அதை இழக்க மனசில்லாமல் மாத்திரையை ஒளித்துவைக்கிறவர்கள் உண்டு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

கார்த்திகையில் தாராளமாக மாலை போடுங்கள். ராத்தூக்கம் கெடக் கூடாது, குற்றாலத்திலோ ஆற்றிலோ தனியாகக் குளிக்கக் கூடாது. டாக்டரிடம் போகும்போது மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். மறுபடி வந்தால் உங்களைப் பத்திரமாக உட்காரவைத்துவிட்டு, அவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும்.