எடிட்டர்களுக்கான இணையக் கடைத்தெரு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குறும்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களின் முன்னோட்டங்களும் எடிட் செய்கிறேன். எடிட்டிங் மென்பொருள் ஒன்றுக்கு மாதாமாதம் பணம் கட்டி வந்தேன். வேலை குறைந்ததால் நான்காம் மாதம் நிறுத்தப் போனபோது, மீதி எட்டு மாதத் தொகையில் ஒரு பகுதியைக் கட்டினால்தான் விடுவிப்போம் என்கிறார்கள். மாதச் சந்தாவை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் அல்லவா? நிறுத்திவிட்டால் என் பழைய புராஜெக்ட்டுகள் என்னவாகும்?

பதில்: நீங்கள் எடுத்தது மாதச் சந்தாவாக இருக்காது. ஓராண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணைகளாகக் கட்டும் திட்டம் என்று ஒன்று உண்டு. விலைப் பக்கத்தில் உண்மையான மாதச் சந்தாவுக்குப் பக்கத்திலேயே, அதைவிடக் குறைந்த தொகையோடு அது இடம்பெற்றிருக்கும். இரண்டிலுமே 'மாதத்துக்கு' என்ற சொல்தான் கண்ணில் படும்படி அச்சிடப்பட்டிருக்கும். பணம் செலுத்தியதும் உங்களுக்கு வந்த உறுதி மின்னஞ்சலை எடுத்துப் பாருங்கள். அதில் ஆண்டு ஒப்பந்தம் என்று இருந்தால் விலகல் கட்டணம் கேட்க அவர்களுக்கு ஆதாரம் இருக்கிறது. இல்லையென்றால் அந்த மின்னஞ்சலையே இணைத்து எழுத்து மூலம் முறையிடுங்கள். தொலைபேசியில் பேசி முடித்துக்கொள்ள வேண்டாம், ஏனெனில் பேச்சுக்குச் சாட்சி இருக்காது. விலகல் கட்டணத்தையும் மீதித் தவணைகளையும் அருகருகே எழுதிக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். இரண்டுக்கும் இடையே வேறுபாடு சிறியதாக இருந்தால் மீதி மாதங்களைப் பயன்படுத்திவிட்டுப் போவதே லாபம். அப்படிச் செய்தால், ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும் தேதிக்கு ஒரு மாதம் முன்பாகவே நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. புராஜெக்ட் கோப்பு உங்கள் வட்டில் இருந்தாலும் அதைத் திறக்கும் சாவி நிறுவனத்திடம் இருக்கிறது. 2013-இல், பிரீமியர் போன்ற எடிட்டிங் மென்பொருள்களைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் தன் மென்பொருள்களின் புதிய பதிப்புகளைச் சந்தா முறைக்கு மாற்றிய பிறகு இந்தக் கவலை பரவலாயிற்று. ஆனால் ஒரே தடவை விலை கொடுத்து வாங்கியவர்களுக்கும் முழுப் பாதுகாப்பு இருந்ததில்லை: 2011-இல் ஆப்பிளின் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் புரோ எக்ஸ் வெளிவந்தபோது, அதற்கு முந்தைய ஏழாம் பதிப்பில் செய்த புராஜெக்ட்டுகளை அதில் திறக்க முடியாமல் பல எடிட்டர்கள் திகைத்து நின்றார்கள். ஆகவே சந்தா உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு புராஜெக்ட்டையும் திறந்து, எக்ஸ்எம்எல், ஏஏஎஃப், இடிஎல் ஆகிய மூன்று வடிவங்களிலும் வெளியே எடுத்து வையுங்கள். எந்தக் காட்சி எங்கே வெட்டப்பட்டது என்ற விவரத்தை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் கோப்புகள் இவை. இடிஎல் மிகப் பழைய வடிவம். அதில் பரவலான சிஎம்எக்ஸ் 3600 என்ற வகையில் ஒரு காட்சித் தடமும் சில ஒலித் தடங்களும் மட்டுமே அடங்கும், ஆனால் பல மென்பொருள்கள் அதைப் படிக்கும். எக்ஸ்எம்எல்லில் பல தடங்கள் வரும். எனினும் நிறத் திருத்தமும் ப்ளக்-இன் எனும் துணை மென்பொருள்களால் செய்த வேலைப்பாடுகளும் பெரும்பாலும் அதில் கரைந்துபோகும். அதனால் இவற்றோடு, தலைப்பு எழுத்துகள் உள்ள பிரதி ஒன்றும் இல்லாத பிரதி ஒன்றுமாக, புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் என்ற உயர்தரக் காணொளி வடிவத்தில் படத்தையும் எடுத்து வைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் ஆறு மாதம் கழித்து, 'அந்தக் கடைசி டைட்டில் கார்டில் ஒரு பெயர் விடுபட்டுவிட்டது' என்று வந்து நிற்கும்போது, எழுத்தில்லாத பிரதி ஒன்றே உங்களைக் காப்பாற்றும்.

வேலை இல்லாத மாதங்களுக்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதுமானது. அதில் 3840×2160 அளவு வரை, நொடிக்கு 60 ஃபிரேம் வரை படத்தை வெளியே எடுக்கலாம். கட்டணப் பதிப்பையும் சந்தா இல்லாமல் ஒரே தடவை விலை கொடுத்து வாங்கலாம்.

கேள்வி: 'ராயல்டி-ஃப்ரீ' என்று விற்ற தளத்தில் சந்தா கட்டி எடுத்த இசையைத்தான் ஒரு ஆவணப்படத்தில் பயன்படுத்தினேன். யூடியூபில் ஏற்றியதும், இசை வேறொருவருடையது என்று உரிமைக் கோரல் வந்துவிட்டது. நான் ஏமாற்றப்பட்டேனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறை, 2007 முதல், ஏற்றப்படும் ஒலியைத் தன்னிடம் பதிவான ஒலிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து வருகிறது. ஒலி ஒன்றுதான் என்பதை அது கண்டுபிடிக்கும். உங்கள் கையில் உரிமம் இருப்பது அதற்குத் தெரியாது. உரிமச் சான்றை வைத்து மறுப்புத் தெரிவித்தால் கோரல் பொதுவாக நீங்கும். சில இசைத் தளங்களில் உங்கள் சேனலை முன்கூட்டியே பதிந்துவைத்தால் கோரலே வராது.

'ராயல்டி-ஃப்ரீ' என்றால் இலவசம் என்று பொருளல்ல; ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டியதில்லை என்பதே பொருள். பல தளங்களின் விதிப்படி, சந்தா நடப்பில் இருக்கும்போது வெளியிட்ட படத்துக்கு உரிமை தொடரும்; சந்தா முடிந்தபின் அதே பாட்டை, வட்டில் இருக்கிறதே என்று, புதிய படத்தில் சேர்க்கக் கூடாது. சிக்கல்கள் முளைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறதா, படத்தின் உரிமையாளர் பெயரில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இணையத்துக்கு மட்டும் என்று வாங்கிய உரிமம் திரையரங்குக்கும் ஒளிபரப்புக்கும் செல்லாது. தொலைக்காட்சிக்குப் போகும் படத்துக்கு இசைப் பட்டியல் கேட்பார்கள்: இசையின் பெயர், இசையமைப்பாளர், பதிப்பாளர், ஒலித்த நேரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இந்த விவரங்களையும் உரிமச் சான்றையும் இசைக் கோப்பைத் தரவிறக்கும் அன்றே ஒரே கோப்புறையில் போட்டுவிடுவது நல்லது.

படைப்பாளிகள் சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த விட்டுக்கொடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிம இசையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'என்டி', அதாவது மாற்றம் செய்யக் கூடாது என்ற நிபந்தனையுடன் வரும் பாட்டை வெட்டாமல் முழுதாகவே போட்டேன் என்று சிலர் வாதிடுகிறார்கள். அசையும் படத்தோடு இசையைப் பொருத்துவதே மாற்றம் என்று அந்த உரிமத்தின் வாசகத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே அத்தகைய பாட்டைப் படத்தில் சேர்க்கவே முடியாது.

கேள்வி: எடிட்டர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் பாடங்கள், பயிற்சிக் காட்சிகள், மூத்தவர்களின் கருத்து எல்லாம் சேர்த்து 'வாழ்நாள் உறுப்பினர்' திட்டம் விற்கிறார்கள். சேரலாமா?

பதில்: வாழ்நாள் என்பது உங்கள் வாழ்நாள் அல்ல, அந்தக் குழுவின் வாழ்நாள்; முதலில் ஒரு மாதம் மட்டும் சேர்ந்து பாருங்கள். பாடங்களுக்காக மட்டும் சேர வேண்டியதில்லை. ரிசால்வைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனமே பயிற்சி நூல்களையும் அவற்றுக்கான காட்சிக் கோப்புகளையும் இலவசமாகத் தருகிறது.

பணம் கொடுக்கத் தகுந்தவை இரண்டு. ஒன்று, வெட்டப்படாத படப்பிடிப்புக் காட்சிகள். மாதிரிக்கு ஒரு காட்சியைக் கேட்டு வாங்கித் திறந்து பாருங்கள். கிளாப் அடிப்பது தெரிகிறதா, ஒலி தனிக் கோப்பாக வருகிறதா, ஒரே ஷாட்டுக்கு நான்கைந்து டேக் இருக்கிறதா, நடிகர் வசனத்தில் தடுக்கி, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி தொடங்குகிற டேக்கையும் விட்டுவைத்திருக்கிறார்களா, யாரும் பேசாமல் அறையின் அமைதியை மட்டும் பதிந்த அரை நிமிடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். இவை இருந்தால் அது உண்மையான வேலைக்கு நெருக்கமான சரக்கு. அழகான டேக்குகளை மட்டும் பொறுக்கிக் கொடுத்திருந்தால், எடிட்டரின் வேலையில் பாதியை அவர்களே முடித்துவிட்டார்கள். வெட்டியதை உங்கள் ஷோரீலில், அதாவது வேலை மாதிரித் தொகுப்பில், காட்ட அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். செலவில்லாத வழியும் இருக்கிறது: இலவச முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரை நடத்தும் அமைப்பு 2012-இல் வெளியிட்ட 'டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்' குறும்படத்தின் மூலக் காட்சிகள், பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்தில் கிடைக்கின்றன.

இரண்டாவது, நீங்கள் எடிட் செய்த படத்தைப் பார்த்துச் சொல்லும் கருத்து. அங்கே ஏற்கெனவே எழுதப்பட்ட கருத்துகளில் பத்தைப் படித்துப் பாருங்கள். 'நடுவில் கொஞ்சம் தொய்வு, மற்றபடி அருமை' என்பது பணத்துக்குப் பெறுமானமற்றது. '00:02:14:08-இல் அவள் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் வெட்டிவிட்டீர்கள். வைக்கும் ஒலி வரை பொறுத்தால் அடுத்த முகத்தின் மௌனம் புரியும்' என்று எழுதுகிறவர்கள் இருந்தால் சேரலாம். ஆனால் வாடிக்கையாளரின் வெளிவராத படத்தைக் கருத்துக் கேட்பதற்காக எந்தக் குழுவிலும் ஏற்றாதீர்கள். நீங்கள் கையெழுத்திட்ட இரகசிய ஒப்பந்தத்தில் குழுவுக்கு விலக்கு இருக்காது.

கேள்வி: ஐந்நூறு எல்யுடி (காட்சியின் நிறத்தை மாற்றும் கோப்பு), ஆயிரம் ட்ரான்சிஷன் (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் விளைவு) அடங்கிய தொகுப்பு, இன்றிரவு வரை மட்டும் சலுகை விலை என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சலுகை முடியும் நேரத்தைக் காட்டும் அந்தக் கடிகாரம் நாளை காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு எல்யுடி பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு லாக் பதிவுக்காக, அதாவது பின்னால் நிறம் திருத்துவதற்காக மங்கலாகப் பதியும் முறைக்காக, செய்யப்படுவது. சோனியின் எஸ்-லாக்3-க்குச் செய்ததை வேறு கேமராவின் காட்சியில் போட்டால் முகம் செங்கல் நிறமாகவோ சாம்பலாகவோ மாறும். உங்கள் கேமராவுக்கு உரிய எல்யுடியைத் தயாரிப்பாளரின் தளத்திலேயே தேடிப் பாருங்கள். ஆரி, சோனி, பானசோனிக் ஆகியவை இலவசமாகவே தருகின்றன. ட்ரான்சிஷன் தொகுப்பைப் பொறுத்தவரை, உங்களுக்குப் பிடித்த தொடரில் ஒரு பகுதியை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்து, ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு நேராகத் தாவும் கட்டும், ஒன்று மறைய மற்றொன்று தோன்றும் டிசால்வும் அல்லாதவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.