தேயிலைத் தோட்டத்தை அடகு வைக்காதீர்கள், அம்மா

கோத்தகிரி அம்மாவுக்கு,

மகளுக்கு இரண்டாவது முறையும் நீட் கைகூடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கவலை புரிகிறது. ஆனால் உங்கள் தம்பி சொல்கிறார் என்று தோட்டத்தை அடகு வைத்து அவளை வெளிநாட்டு எம்.பி.பி.எஸ்.ஸுக்கு அனுப்புவது வேண்டவே வேண்டாம். படித்துத் திரும்பினாலும் இங்கே தனியாக ஒரு தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். கடன் அதுவரை காத்திருக்காது. பச்சைத் தேயிலை விலை விழுந்த மாதம் தவணையை யார் கட்டுவது, தம்பியா?

பக்கத்து வீட்டு ஆடு தலையைச் சாய்த்துச் சுற்றிச் சுற்றி வந்து செத்தபோது, "மண்டைக்குள் என்ன இருந்தது?" என்று கால்நடை டாக்டரை அவள் விடாமல் கேட்டதாக எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியம். நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம் ஆட்டின் மூளையில் நீர்க்கட்டியாக வளர்ந்தால் அப்படித்தான் ஆடு சுற்றும்.

மூளைக்குள் இப்படிப் புழு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதே ஒரு தொழில். ஆய்வுக்கூட எலிக்கு நாயின் உருளைப்புழு முட்டையைக் கொடுத்தால், இளம்புழுக்கள் மூளைக்குப் போய்த் தங்கும். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ரத்தப் பரிசோதனை புழு உடம்புக்குள் வந்ததைச் சொல்லும். மூளைக்கு ஏறியதா என்று சொல்லாது. மூளையை மெல்லிசாகச் சீவிச் சாயமேற்றிப் பார்த்தாலும் சீவலுக்கும் சீவலுக்கும் நடுவே புழு தப்பிவிடும். அதனால் மூளையைத் துண்டு துண்டாக இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, மைக்ரோஸ்கோப்பில் வரிசை வரிசையாக எண்ணுவார்கள். உயிருள்ள புழு நெளிவது கண்ணுக்குத் தெரியும். பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மனித மூளையில் தங்கினால் வலிப்பு வரலாம். இப்படிப்பட்ட நோய்களுக்கு மருந்து சோதிக்கும்போது, விலங்கின் மூளையில் புழு இருக்கிறதா, செத்ததா என்று அடித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு வழி கால்நடை மருத்துவப் படிப்பு, பயிற்சியோடு ஐந்தரை வருஷம். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. அப்புறம் ஒட்டுண்ணியியலில், அதாவது இப்படி உடம்பில் ஒட்டி வாழும் உயிர்களைப் பற்றிய படிப்பில், முதுகலை இரண்டு வருஷம். சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையமும், குன்னூரில் 1907 முதல் தடுப்பூசிக்குப் பேர்போன பாஸ்டர் நிறுவனமும் நம் மலையிலேயே இருக்கின்றன. அவளைக் கூட்டிப் போய்க் காட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆராய்ச்சி வேலை குறைவு என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் பட்டம் இருந்தால் கால்நடை மருந்தக வேலைக்குப் போகலாம்.

ஒன்று மட்டும் மகளிடமே கேளுங்கள். விலங்குச் சோதனை நெறிமுறைக் குழுவின் அனுமதியோடுதான் நடக்கும் என்றாலும், சோதனை முடிந்ததும் எலியைக் கொல்ல வேண்டியிருக்கும். அதை அவளால் தாங்க முடியுமா? முடியாது என்றால் இந்த யோசனையை விட்டுவிடலாம், வேறு பார்ப்போம். முடியும் என்றால் இந்த வருஷ விண்ணப்பத் தேதியைப் பார்த்துவிட்டு, மதிப்பெண் பட்டியலோடு அவளையும் என்னிடம் அழைத்து வாருங்கள். அதுவரை வங்கியில் கையெழுத்துப் போடாதீர்கள்.