இருவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் வசிக்கிறோம். எனக்கு 61 வயது. கணவருக்கு 67, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. உறைபனியில் கருகிவிடும் என்று கார்த்திகை கடைசியில் வாசல் தொட்டிகளை எல்லாம் படுக்கையறைக்குள் எடுத்து வைத்தேன். அன்றிலிருந்து காலையில் எழுந்தால் தலை பாரமாக வலிக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது. அவருக்கும் தலை கிறுகிறுக்கிறது. செடிகள் இரவில் நச்சுக்காற்றை விடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். குளிர் ஏறாமல் இருக்க ஜன்னல் இடுக்கில் துணி அடைத்து, கரிச்சட்டியில் கணப்புப் போட்டுத்தான் தூங்குகிறோம். ஆக்சிமீட்டரில் 98 காட்டுகிறது. தினமும் வலி மாத்திரை போடுகிறேன், அவருக்கும் கொடுக்கிறேன். திருப்பூரில் மகள் வீட்டில் தங்கிய நாட்களில் வலியே இல்லை. அங்கே செடி கிடையாது. கால் விரல்கள் சிவந்து அரிக்கின்றன. அடிக்கடி சிறுநீர் வருகிறது. மூளையில் கட்டியாக இருக்குமோ? ஆசையாக வளர்த்த செடிகளை எல்லாம் தூக்கிப் போட வேண்டுமா?

பதில்: அம்மா, இன்று இரவு அந்தக் கரிச்சட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். ஜன்னலில் அடைத்த துணியை எடுத்துவிடுங்கள். அதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

செடிகளின் மேல் உங்களுக்கு ஏன் சந்தேகம் வந்தது என்று புரிகிறது. தொட்டிகள் உள்ளே வந்தன, தலைவலியும் வந்தது. ஆனால் அதே குளிரில் கரிச்சட்டியும் உள்ளே வந்திருக்கிறது. அதைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது அந்த ஒரு வரிதான். திருப்பூரில் மகள் வீட்டில் செடி மட்டுமா இல்லை? கணப்பும் இல்லை. வலி நின்றதற்குக் காரணம் அதுதான்.

மூடிய அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. விறகு எரித்தால் புகை கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், எழுந்து கதவைத் திறந்துவிடுவோம். கரி அப்படி இல்லை. புகையே இல்லாமல் செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டு இருக்கும். புகை இல்லையே என்று நாமும் நம்பிப் படுத்துவிடுகிறோம். படுக்கும் நேரத்தில் மேலே சாம்பல் படிந்து அணைந்ததுபோலத் தெரியும், ஆனால் நீறு பூத்த நெருப்பும் விடிய விடிய அந்த வாயுவை விட்டுக்கொண்டுதான் இருக்கும்.

நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்துபோவது ஹீமோகுளோபின். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக அதைப் பற்றிக்கொள்ளும். பஸ்ஸில் எல்லா இருக்கையிலும் துண்டு போட்டு வைத்த மாதிரி, ஆக்சிஜனுக்கு உட்கார இடமே இருக்காது. மூளைக்கும் இதயத்துக்கும் பட்டினி தொடங்கும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி. காய்ச்சல் மட்டும் இருக்காது. பனிக்காலத்தில் இதை எல்லோரும் சளி என்றும் பித்தம் என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். அளவு கூடினால் தூக்கம் மயக்கமாக மாறும். விழிப்பு வந்தாலும் எழுந்து கதவு வரை நடக்கக் கால் ஒத்துழைக்காது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாமலே போன செய்திகளை நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள். அவர்களும் குளிருக்குப் பயந்துதான் ஜன்னலைச் சாத்தினார்கள்.

ஆகவே இந்த ஒரு அடையாளத்தை நினைவில் வையுங்கள். ஒரே வீட்டில் தூங்குகிற இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே போனால் குறைந்து, வீட்டுக்குத் திரும்பினால் மறுபடி வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வீட்டுக் காற்றைத்தான். மூளைக்கட்டி கணவன் மனைவி இருவருக்கும் ஒரே வாரத்தில் வராது. மகள் வீட்டுக்குப் போனதும் விடுப்பும் எடுக்காது. அந்தப் பயத்தை இப்போதே விட்டுவிடுங்கள். கணப்பை வெளியே வைத்து ஒரு வாரம் ஆகியும் வலி போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், அப்போது பார்க்கலாம்.

ஆக்சிமீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கியதை எல்லோரும் பத்திரமாக வைத்துக்கொண்டு எதற்கெடுத்தாலும் விரலை நுழைத்துப் பார்க்கிறார்கள். இந்த விஷயத்தில் அந்தக் கருவியை நம்பவே கூடாது. அது விரலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் அந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்து, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் ஆக்சிஜன் ஏறிய ரத்தம் போலவே நல்ல சிவப்பாக இருப்பதால் இரண்டையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. ஆபத்தான நிலையில் இருப்பவருக்கும் 98 காட்டும்.

இதைப் படிக்கும் நாளில் காலையிலும் தலைவலி இருந்தால், இருவரும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மதியம் வரை காத்திருக்க வேண்டாம். சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே நான்கைந்து மணி நேரத்தில் ரத்தத்தில் அந்த வாயு பாதியாகிவிடும், தாமதித்தால் பரிசோதனையில் அகப்படாமல் போகலாம். அங்கே போனதும் "தலைவலி" என்று தொடங்காதீர்கள். "மூடின ரூமில் கரி போட்டுத் தூங்கினோம், இரண்டு பேருக்கும் தலைவலி" என்று சொல்லுங்கள். இதைச் சொல்லாவிட்டால் எந்த டாக்டருக்கும் தெரிய வழியில்லை, ஒற்றைத்தலைவலிக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுப்பதுதான் இதற்கு முக்கிய வைத்தியம். உங்கள் கணவரின் இதயம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டது என்பதால் அவர் வரமாட்டேன் என்று சொன்னாலும் விடாதீர்கள். உங்களுக்கு வெறும் தலைவலியாக இருக்கும் அளவு அவருக்கு நெஞ்சுவலியைக் கொண்டுவரலாம்.

எப்போதாவது உங்களில் ஒருவர், எழுப்பினாலும் எழாமல் கிடந்தாலோ, குழறிப் பேசினாலோ, நெஞ்சு வலி என்றாலோ, கதவு ஜன்னலைத் திறந்துபோட்டு அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். உள்ளேயே உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

அந்த வலி மாத்திரை விஷயத்தில் எனக்கு உங்கள்மேல் வருத்தம்தான். வலி எதற்கு வருகிறது என்று தெரியாமல் தினமும் அதை அடக்கிக்கொண்டே வந்திருக்கிறீர்கள். உடம்பு காலைதோறும் ஆபத்து என்று சொன்னது, நீங்கள் அதன் வாயைப் பொத்தினீர்கள். மாதத்தில் பாதி நாட்கள் வலி மாத்திரை போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்பது தனி. கணவருக்கும் கொடுத்தீர்களே, அது இன்னும் தப்பு. ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் அதோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம், இதயத்துக்கும் கெடுதல். மருந்துக்கடையில் கேட்டு வாங்கியதை அவருக்குக் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

இனி உங்கள் செடிகள். ஒன்றைக்கூடத் தூக்கிப் போட வேண்டாம். இரவில் செடிகளும் மூச்சு விடும், கரியமில வாயு வரும், உண்மைதான். ஆனால் ஒரு மனிதர் தூங்கும்போது விடுவதோடு ஒப்பிட்டால் பத்துப் பதினைந்து தொட்டிகள் விடுவது கணக்கிலேயே வராது. அதோடு கரியமில வாயு வேறு, கார்பன் மோனாக்சைடு வேறு. செடி எதுவும் இரவில் விஷக்காற்றை விட்டு ஆளைக் கொல்லாது. எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம், ஸ்நேக் பிளான்ட் வைத்தால் அறைக் காற்று சுத்தமாகிவிடும் என்று வீடியோ போடுகிறது. 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். அது காற்றுப் புகாமல் அடைத்த சிறிய பெட்டிகளில் செய்த சோதனை. உங்கள் படுக்கையறைக்கு அது பொருந்தாது. எத்தனை செடி இருந்தாலும் கார்பன் மோனாக்சைடிலிருந்து காப்பாற்றாது. அறையில் வாளித் தண்ணீர் வைப்பதும் அப்படித்தான், அதனாலும் பயனில்லை.

ஜெரேனியம், பெகோனியா மாதிரிப் பூச்செடிகள் இருந்தால் வெயில் விழும் ஜன்னலோரம் வையுங்கள். குளிர்காலத்தில் தண்ணீரைக் குறையுங்கள், விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், வீசிங் இருப்பவர்களுக்கு அது ஆகாது. பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகள் யாராவது வந்தால் மணி பிளான்ட் இருந்தால் அதை மட்டும் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து எச்சில் ஒழுகும்.

கால் விரல் சிவந்து அரிப்பது குளிரால் வருவது. மலையில் இது சகஜம், வெயில் காலம் வந்தால் போய்விடும். காலை ஈரமில்லாமல் துடைத்து சாக்ஸ் போடுங்கள். நெருப்பில் நேராகக் காட்டாதீர்கள், அரிப்பு அதிகமாகும். புண்ணானால் காட்டுங்கள். குளிரில் சிறுநீர் அடிக்கடி போவதும் இயல்புதான். தாகமும் கூடவே இருந்தால் ஒரு தடவை சுகர் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர் காய்வதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்தக் குளிரில், வாசலில் கரிச்சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, சூடான டீயில் வர்க்கியைத் தோய்த்துத் தின்றுகொண்டு பேசிக்கொண்டிருப்பது எவ்வளவு சுகம்! அதைத் திறந்தவெளியில் ஆசை தீரச் செய்யுங்கள். படுக்கப் போகும்போது சட்டி வெளியிலேயே இருக்கட்டும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே கொண்டுபோகலாமா என்று கேட்காதீர்கள், கொண்டுபோகக் கூடாது. படுக்கைக்குக் கம்பளியும், உறை போட்ட வெந்நீர்ப் பையும் போதும். வெந்நீர்ப் பையைப் படுப்பதற்கு முன்னால் கம்பளிக்குள் வைத்துச் சூடேற்றிவிட்டு எடுத்துவிடுங்கள். அதுவும் போதாவிட்டால் மின்சார ஹீட்டர் வாங்குங்கள், அதன்மேல் துணி காயப்போடாதீர்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் அதையும் சரிபாருங்கள். காற்றுப்போக்கு இல்லாத குளியலறையில் அதுவும் இதே வாயுவை விடும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி கிடைக்கிறது. மகளிடம் சொல்லி ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். படுக்கையறையில் மாட்டுங்கள். அலாரம்தான் இருக்கிறதே என்று சட்டியை மறுபடி உள்ளே கொண்டுபோகக் கூடாது, அதை இப்போதே உங்கள் கணவரிடமும் சொல்லி வையுங்கள்.