மாத்திரைக்கும் அடங்காத நெஞ்செரிச்சல்

இரண்டு மாதமாகத் தினமும் நெஞ்செரிவதாகவும், அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரை போட்டும் கேட்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்திலுள்ள வளையத் தசை, விழுங்கும்போது திறந்து மற்ற நேரங்களில் பெரும்பாலும் இறுகியிருக்க வேண்டும். அது வேண்டாத நேரத்தில் தளர்ந்தால் அமிலம் மேலேறி, இரைப்பையைப் போன்ற பாதுகாப்புப் படலம் இல்லாத உணவுக்குழாயை எரிக்கிறது. தொப்பையும் புகைப்பழக்கமும் இதைக் கூட்டும்.

மாத்திரையைக் குறை சொல்லுமுன், அதை எப்போது விழுங்குகிறீர்கள் என்று பாருங்கள். இவ்வகை மருந்துகள் அமிலம் சுரக்கும் பம்புகள் இயங்கும்போதுதான் அவற்றை அடைக்கும். அந்த இயக்கத்தைத் தூண்டுவதோ சாப்பாடு. ஆகவே காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பே, நாள் தவறாமல் போட வேண்டும். நான்கு இட்லியை முடித்துவிட்டோ, எரியும்போது மட்டுமோ போட்டால் முழுப்பலன் கிடைக்காது (பலர் செய்யும் தவறு இதுதான்).

இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களைச் செங்கல் வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள், தலையணைகளை அடுக்கினால் வயிறு மடிந்து அழுத்தமே கூடும். இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும் உதவும்.

முறையாக 8 வாரம் போட்டும் குறையாவிட்டால் எண்டோஸ்கோப்பி (கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய்வழியே செலுத்திப் பார்க்கும் சோதனை) தேவையா என மருத்துவரிடம் கேளுங்கள். விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, கறுத்த மலம், இரத்த வாந்தி இருந்தால் அதுவரை காத்திராதீர்கள். வியர்வையுடன் நெஞ்சை அழுத்தி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலியை வாயு என்று எண்ணாமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.