அட்டையில் 21, ஆளுக்கு எத்தனை?

கேள்வி: ஓட்டல் மதுக்கூடத்தில் மேலாளராக இருக்கிறேன். ஆதாரை வாங்கிப் பார்த்தும் பையன்கள் ஏமாற்றிவிடுகிறார்கள். அட்டையில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் தீருமா?
- வாசகர், மாட்டுத்தாவணி, மதுரை

பதில்: பாதி தீரும். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. அச்சடித்த தேதியை நம்பாதீர்கள். 2006-ஐ 2003 ஆக்க ஒரு ஜெராக்ஸ் கடை போதும். க்யூஆர் கோடில் உள்ள விவரத்துக்கு ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பம் உண்டு. உள்ளே ஒரு எழுத்தை மாற்றினாலும் சரிபார்ப்பு தோற்றுவிடும். ஆணையத்தின் செயலியிலேயே ஸ்கேன் செய்யுங்கள். சாதாரண ஸ்கேனரில் நீளமான எண்வரிசைதான் வரும். பழைய அட்டைகளின் கோடில் இந்தக் கையொப்பம் இல்லை. அப்போது அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் ஓட்டுநர் உரிமம் கேட்கலாம், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம்.

அண்ணன் அட்டையோடு தம்பி வந்தால்? எந்திரம் ‘சரி’ என்றே சொல்லும். அதனால் செயலியில் தெரியும் படத்தை எதிரே நிற்கும் முகத்தோடு ஒப்பிட வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். வாசல் வெளிச்சத்திலேயே பாருங்கள், உள்ளே மங்கல் விளக்கில் எல்லா முகமும் ஒன்றுதான்.

பிறந்த ஆண்டு மட்டும் இருந்தால் டிசம்பர் 31 என்றே கணக்கிடுங்கள். ஆதார் எண்ணை நோட்டில் எழுதி வைக்காதீர்கள். வயது தெரிந்தால் போதும்.