கேள்வி பதில்: மாலை வகுப்பில் லினக்ஸ்

சென்ற இதழில், 41 வயதில் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் அரசுக் கல்லூரி) சேர்ந்து சர்வர் நிர்வாகம் படித்த கதையை நாலு வரி எழுதியிருந்தேன். கோழிக் குழம்புக் குறிப்பு எழுதியபோதுகூட இத்தனை கடிதம் வரவில்லை. அதனால் இந்த மாதம் முழுக்க அதுவே.

பி.காம். படித்தவள். கல்யாணமாகி 11 வருஷம், இரண்டு குழந்தைகள், எச்-4 விசா (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவி என்ற முறையில்). என்னைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா? எவ்வளவு செலவாகும்?
– வாசகி, ஃப்ரீமாண்ட்

நானும் பி.காம்.தான் சகோதரி, காரைக்குடியில் படித்தது. டேலி தெரியும், அவ்வளவுதான்.

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. பதினெட்டு வயது நிரம்பியவர் சேரலாம், நுழைவுத் தேர்வு கிடையாது. பாடத்தின் அளவை யூனிட் கணக்கில் சொல்வார்கள், மாநிலவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். லினக்ஸ் (விண்டோஸ் போல ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம்) வகுப்பு 3 யூனிட் என்றால் 138 டாலர், அதற்குமேல் பார்க்கிங், ஹெல்த் ஃபீஸ் என்று சில்லறைச் செலவு. காலாண்டு முறையில் நடக்கும் கல்லூரிகளில் யூனிட் 31 டாலர்.

'மாநிலவாசி' என்ற சொல்லில்தான் சிக்கல். வகுப்பு தொடங்கும்போது நீங்கள் இங்கே குடியேறி ஒரு வருஷமும் ஒரு நாளும் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டணம் பல மடங்கு. நான் சேரப் போனபோது கவுன்டரில் இருந்த பெண் "விசாவா? அப்படியானால் வெளிநாட்டு மாணவர்" என்று டிக் அடித்துவிட்டார். வெளிநாட்டு மாணவர் என்பது எஃப்-1 என்ற மாணவர் விசாக்காரர்கள். எச்-4இல் இருப்பவர் மாநிலவாசியாகக் கணக்கில் வரத் தடையில்லை. வீட்டு வாடகை ஒப்பந்தம், டிரைவிங் லைசன்ஸ், மாநில வருமான வரிப் படிவம் மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு மூன்று முறை நடந்தேன். நீங்கள் முதல் நாளே அந்த ஃபைலோடு போங்கள்.

இன்னொன்று. எச்-4இல் படிக்கத் தனி அனுமதி வேண்டாம். வேலை பார்க்கத்தான் அனுமதி வேண்டும். கணவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கொடுக்கும் மனு) ஒப்புதல் ஆகியிருந்தால், 2015 முதல் நமக்கும் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அது வரும்வரை படிப்பைத் தள்ளிப்போட வேண்டாம். எனக்குப் படிப்பு முடிந்து ஏழு மாதம் கழித்துத்தான் வேலை அனுமதி அட்டை வந்தது.

எல்லாம் யூடியூபிலேயே இருக்கிறது, காலேஜ் எதற்கு என்கிறான் என் மகன். பதில் சொல்ல முடியவில்லை.
– வாசகர், சான் ஹோசே

பையன் சொல்வதில் தப்பில்லை. கட்டளைகளை யூடியூப் நன்றாகவே சொல்லிக்கொடுக்கும். ஆனால் யூடியூபில் வருவதெல்லாம் நல்லபடியாக ஓடும் மெஷின். என் வாத்தியார் மெஷினைக் கெடுத்து வைத்துவிட்டுத்தான் வகுப்பையே ஆரம்பிப்பார்.

அவர் பகலில் ஒரு கம்பெனியில் சர்வர் பார்த்தவர். செவ்வாய்க்கிழமை 6:30க்கு எங்களுக்கு வகுப்பு. அவர் ஆறு மணிக்கே லேபுக்கு வந்து ஒவ்வொருவர் மெஷினிலும் எதையாவது உடைத்து வைத்திருப்பார். மூன்றாவது வாரம் உள்ளே போனால், என் மெஷினில் எதுவுமே எழுத முடியவில்லை. டிஸ்க் நிரம்பிவிட்டது என்கிறது. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்தேன், 100 சதவீதம். தேடினால் 12 ஜிபிக்கு ஒரு லாக் ஃபைல் (நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் ஃபைல்). கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமையோடு ஆர்எம் என்ற கட்டளை போட்டு அழித்தேன். மறுபடி டிஎஃப். அதே 100 சதவீதம். ஃபைலையும் காணோம், இடத்தையும் காணோம்!

டியூ என்ற கட்டளை, கண்ணில் தெரியும் ஃபைல்களை எல்லாம் கூட்டிச் சொல்லும். அதில் 6 ஜிபிதான் வந்தது. டிஎஃப் 20 ஜிபியும் தீர்ந்தது என்கிறது. மீதி எங்கே? அரை மணி நேரம் விழித்தேன். வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், ஆனால் விடையைச் சொல்லவில்லை. "அந்த ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தது யார்?" என்று மட்டும் கேட்டார்.

விஷயம் இதுதான். லினக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, ஃபைல் வேறு. ஆர்எம் அழிப்பது பெயரை. வாசலில் இருந்த பெயர்ப் பலகையை நான் கழற்றிவிட்டேன், உள்ளே குடியிருந்தவர் காலி செய்யவில்லை. அந்த லாகில் எழுதிக்கொண்டிருந்த சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் புரோகிராம், ஃபைலைத் திறந்தபடியே வைத்திருந்தது. கடைசிப் பெயரும் போய், கடைசியாகப் பிடித்திருந்தவரும் விட்டால்தான் லினக்ஸின் மையமான கெர்னல் அந்த இடத்தைத் திருப்பித் தரும். திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை அடித்தால், 'டிலீட்டட்' என்ற குறிப்போடு அந்த ஃபைலும் அதைப் பிடித்திருக்கும் சர்வீஸின் எண்ணும் வரிசையாக வந்தன. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன். டிஎஃப் 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஓடிக்கொண்டிருக்கும் லாகை அழிக்காதே, உள்ளே இருப்பதை மட்டும் காலி செய் என்று அப்புறம்தான் சொன்னார்.

அடுத்த வாரமும் 'இடமில்லை' என்றே வந்தது. ஆனால் டிஎஃப் பாதி காலி என்றது. லட்சக்கணக்கில் ஒன்றுமே இல்லாத காலி ஃபைல்களை உருவாக்கி, ஐநோடுகளை (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டிய பதிவுகள்) தீர்த்துவிட்டிருந்தார் மனுஷர். டிஎஃப்போடு சின்ன ஐ சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு 9:20 ஆகிவிட்டது. வகுப்பே முடிகிற நேரம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ராத்திரி இரண்டு மணிக்கு போன். டிஸ்க் ஃபுல், யாரோ லாகை அழித்திருக்கிறார், இடம் வரவில்லை. பத்தே நிமிஷத்தில் படுக்கைக்குத் திரும்பிவிட்டேன். பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

விண்டோஸ் சர்வர் படிப்பதா, லினக்ஸ் படிப்பதா?
– வாசகி, சன்னிவேல்

இரண்டும். எது அடுத்த செமஸ்டரில் உங்களுக்கு ஒத்துவரும் நேரத்தில் இருக்கிறதோ அதை முதலில். பள்ளி நிர்வாகங்கள், ஆஸ்பத்திரிகள் போன்ற இடங்களில் ஆக்டிவ் டைரக்டரி (விண்டோஸில் எல்லோருடைய கணக்குகளையும் நிர்வகிக்கும் வசதி) தெரிந்தவர்களுக்கு எப்போதும் வேலை இருக்கும். வெப் சர்வர், கிளவுட் பக்கம் போனால் லினக்ஸ். எனக்கு லினக்ஸ் அமைந்ததற்குக் காரணம், விண்டோஸ் வகுப்பு சின்னவளின் பரதநாட்டிய நேரத்தோடு மோதியது.

வகுப்பில் ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) ஓடவில்லை. இணையத்தில் பார்த்து 777 அனுமதி கொடுத்தேன், ஓடிவிட்டது. ஆனால் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். ஏன்?
– வாசகர், மில்பிடாஸ்

வீட்டுச் சாவி தொலைந்தது என்று கதவையே கழற்றி வைத்துவிட்டீர்கள்.

மூன்று இலக்கமும் மூன்று பேருக்கு: உரிமையாளர், குழு, மற்ற எல்லோரும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் சேர்ந்தால் 7. உங்கள் ஸ்கிரிப்டுக்கு இயக்கும் அனுமதிதான் இல்லாமல் இருந்திருக்கும், 755 போதும். 777 போட்டால் அந்த மெஷினில் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் உங்கள் ஸ்கிரிப்டைத் திருத்தலாம். நீங்கள் அதை ஓட்டுவீர்கள்.

நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். என் ஹோம் ஃபோல்டர் முழுவதற்கும், உள்ளே இருப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து 777 போட்டுவிட்டு லாக் அவுட் செய்தேன். திரும்ப எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழையும் வழி) வழியாக வந்தால் 'பெர்மிஷன் டினைட்'. ஊருக்கே அனுமதி கொடுத்தவளுக்கு அனுமதி இல்லை! ஹோம் ஃபோல்டரில் மற்றவர்களும் எழுத முடியும் என்றால், அங்கே இருக்கும் லாகின் சாவி ஃபைலை எஸ்எஸ்எச் நம்பாது. யாரோ மாற்றி வைத்திருக்கலாம் அல்லவா? லேப் மெஷின் என்பதால் கன்சோல் வழியாக, அதாவது அதன் கீபோர்டிலேயே உட்கார்ந்து, சரிசெய்தேன். அன்றிலிருந்து அனுமதியிலோ எஸ்எஸ்எச் அமைப்பிலோ கை வைக்கும்போது இரண்டாவது ஜன்னலில் ஒரு இணைப்பைத் திறந்தே வைத்திருப்பேன்.

ஆர்எச்சிஎஸ்ஏ (ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் நிர்வாகிச் சான்றிதழ்) தேர்வு எழுதலாமா? எப்படித் தயாராவது?
– வாசகி, டப்ளின், கலிஃபோர்னியா

எழுதலாம். கொள்குறி வினா ஒன்றும் கிடையாது, மெஷினைக் கொடுத்து வேலை செய்யச் சொல்வார்கள். 300க்கு 210 வேண்டும். செய்ததெல்லாம் ரீபூட் செய்த பிறகும் நிற்க வேண்டும் என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்ஸ்டேப் ஃபைலில் ஒரு எழுத்து தப்பினால் மெஷின் எழுந்திருக்காமல் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். அந்த ஃபைலைத் திருத்தினால், ரீபூட் செய்வதற்கு முன் 'மவுன்ட் ஏ' ஒரு தடவை அடித்துப் பாருங்கள். தப்பு இருந்தால் பெரும்பாலும் அங்கேயே கத்திவிடும். ரெட் ஹாட்டின் டெவலப்பர் சந்தா தனிநபருக்கு இலவசம், வீட்டிலேயே பழகலாம்.

வயது 66. கோயம்புத்தூரிலிருந்து டூரிஸ்ட் விசாவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். (1) நானும் அந்த வகுப்பில் சேரலாமா? (2) பேரன் பழைய லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். தினமும் ராத்திரி போட்டோக்களைத் தானாகப் பேக்கப் எடுக்க கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் வசதி) அமைத்திருந்தேன். நேரத்தை மாற்றலாம் என்று உட்கார்ந்தால் நான் எழுதிய எல்லா வரிகளும் காணோம். பேரன்தான் ஏதோ செய்துவிட்டான் என்று சந்தேகம்.
– வாசகர், பிளசண்டன்

ஐயா, முதல் கேள்விக்கு வருத்தமான பதில். டூரிஸ்ட் விசாவில் கல்லூரிப் படிப்பில் சேரக்கூடாது, சேர்ந்தால் விசாவுக்கே வில்லங்கம். வீட்டிலேயே படியுங்கள். லேப்டாப்பில் 8 ஜிபி ரேம் இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள் இன்னொரு லினக்ஸ் ஓட்டலாம், காசு கிடையாது. உடைப்பதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், பழைய நிலைக்கே திரும்பிவிடலாம்.

இரண்டாவதற்கு, உங்கள் கீபோர்டைப் பாருங்கள். கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேப்பைத் திருத்த, கட்டளையோடு 'இ' போட வேண்டும். பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பது 'ஆர்'. 'ஆர்' போட்டால் மொத்தப் பட்டியலையும் ஒரு வார்த்தை கேட்காமல் அழித்துவிடும். நானும் அழித்திருக்கிறேன், அதுவும் வேலையிடத்தில். பழைய வரிகளைத் திரும்ப எழுதிய பிறகு, கிரான்டேப்போடு 'எல்' சேர்த்து அடித்து, வருவதை ஒரு ஃபைலில் சேமித்து வையுங்கள்.

பேரனைத் திட்டியிருந்தால் இன்றைக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.