மாடப்புறாவின் சிறகில் கட்டம் எங்கிருந்து வந்தது?
ஒரே கூண்டில் ஒரு புறாவுக்குச் சிறகில் இரண்டு கருப்புப் பட்டை, இன்னொன்றுக்குச் சிறகு முழுக்கக் கட்டம். ஏன் என்று கேட்கிறீர்கள். வியாசர்பாடி மொட்டை மாடிகளில் புறா வளர்க்கும் பலருக்கும் வரும் சந்தேகம்தான்.

சாம்பல் உடம்பு, இரண்டு பட்டை: அதுதான் மாடப்புறாவின் பழைய உடுப்பு. கட்டம் இரவல் சரக்கு. ஆப்பிரிக்கப் புள்ளிப்புறா நெருங்கிய உறவு, ஆனால் வேறு இனம். எப்போதோ அதனோடு கலந்ததில் என்டிபி என்ற மரபணுவை ஒட்டிய துண்டு ஒன்று இங்கே வந்து சேர்ந்தது என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தத் துண்டின் நகல்கள் கூடக் கூடச் சிறகும் கருக்கும். ஆக, புது நிறத்துக்குப் புது மரபணு மாற்றம்தான் வேண்டும் என்றில்லை.

அப்புறம், பட்டையே இல்லாத புறாக்களில் இதே மரபணு பழுதாகியிருக்கும். மனிதரில் அது பழுதானால் பார்வை போகும். பந்தயத்துக்கு அப்படியொரு புறா வாங்குவதென்றால், முதலில் கண்ணைச் சோதித்துவிடுங்கள்.